ஒன்பதடி மூன்றரை அங்குலம்

தேவனாம்பட்டினத்தில் ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்த ஒரு ஆண்பிள்ளையால் யாருக்கும் பிரயோசனம் கிடையாது. கட்டுமரத்தில் நிமிர்ந்து நின்றால் காற்றுக்கு அவனே ஒரு பாய். குந்தினால் முழங்கால் பக்கத்து ஆளின் முகவாயில் இடிக்கும். பதினாறு வயது பூவராகனை ஒரே ஒரு நாள் கடலுக்கு அழைத்துப் போன அவனுடைய அப்பா சின்னதம்பி, கரை திரும்பியதும் வலையைக் கூட உதறாமல் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இவன வச்சிகினு மீன் புடிக்க முடியாது. வேணும்னா கரையில நட்டு வச்சி மேல ஒரு வெளக்கு ஏத்தலாம்."

பூவராகன் பள்ளிக்கூடத்தில் நீடித்தது இப்படித்தான். படிப்பு அவனைக் கூப்பிடவில்லை. கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு பாஸ்கெட்பால் ரிங் இருந்தது. மற்றப் பிள்ளைகள் அதை நோக்கிப் பந்தை எறிந்தார்கள். பூவராகன் ஒரு எம்பு எம்பி, அலமாரியில் சொம்பு வைப்பதைப் போல வைத்தான். உலகத்தில் தன் உயரத்துக்கு என்று ஒரு சாமான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கடலூர் முதுநகரில் ஞானாம்பாள் ஆயில் மில் என்று ஒன்று. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கிற ஆலை. முதலாளி சபாபதி தன் அம்மாவின் பெயரை ஆலைக்கு வைத்திருந்தார். பெரிய ஆலைகள் எல்லாம் விளையாட்டு டீம் வைத்துப் பேப்பரில் பெயர் வாங்குகிற காலம். சபாபதிக்கும் ஆசை வந்தது. புட்பால் என்றால் பதினோரு பேரைச் சம்பளப் பட்டியலில் எழுத வேண்டும், பாஸ்கெட்பால் என்றால் ஐந்து பேர் போதும், கை கால் முறிந்தால் மாற்றுக்கு மூன்று பேர் என்று கணக்குப் போட்டு அவர் பாஸ்கெட்பாலைத் தேர்ந்தெடுத்தார். ஒரு விளையாட்டின் மேல் காதல் வருவதற்கு இதைவிட மோசமான காரணங்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

1957இல் பூவராகன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். பட்டியலில் அவனுடைய வேலை சாக்கு தைப்பு மேற்பார்வை. ஏழு வருஷத்தில் அவன் சாக்குத் தைக்கிற கோணூசியைக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று மணிக்குக் கோர்ட்டுக்குப் போய் இருட்டும் வரை பந்து போடுவதற்குத்தான் சம்பளம் என்பது அவனுக்கும் தெரியும், மானேஜருக்கும் தெரியும், சாக்குகளுக்கும் தெரியும்.

கோர்ட் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பக்கமும் பர்மா தேக்குக் கம்பம், அதில் பலகை, பலகையில் இரும்பு ரிங். திறப்பு விழாவுக்கு மெட்ராசிலிருந்து ஒரு அதிகாரி வந்து டேப் பிடித்து, தரையிலிருந்து ரிங் வரைக்கும் சரியாகப் பத்தடி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சபாபதி கண்ணாடி போட்டு மாட்டினார். அதோடு விடாமல் பெயிண்டரைக் கூப்பிட்டு இரண்டு கம்பத்திலும் 'உயரம் 10 அடி' என்று சிவப்பில் எழுத வைத்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த எழுத்துக்கு மறுபடி பெயிண்ட். பந்துக்குச் சந்தனம், கம்பத்துக்குப் பொட்டு, ரிங்குக்கு மாவிலை.

பொட்டு வைத்து வருஷா வருஷம் கும்பிடுகிற கம்பத்தை யார் போய் அளப்பார்கள்?

அந்தக் கோர்ட்டில் ஞானாம்பாள் மில் தோற்பதே இல்லை. முதல் வருஷம் கொஞ்சம் தடுமாற்றம், அப்புறம் தொடர் வெற்றி. வெளியூர் டீம்கள் வந்தன, பந்தை எறிந்தன, பந்து ரிங்கைத் தாண்டிப் பலகையில் மோதித் திரும்பி வந்தது. "என்னமோ இங்க ரிங்கு சரியில்ல சார்" என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. கடலூர் ஜனம் விடுமா. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று ஒரே குரலில் பதில் சொல்லி அவர்களை ரயில் ஏற்றி அனுப்பியது.

1961 ஆகஸ்டில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீமை எதிர்த்துப் பூவராகன் தனியாளாக நாற்பத்து மூன்று பாயிண்ட் போட்டான். சபாபதி அன்றைக்கே அவனை டெம்பரவரியிலிருந்து பெர்மனெண்ட் ஆக்கினார். பந்தோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, கீழே '43' என்று எழுதித் தன் அறையில், அம்மா ஞானாம்பாளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போடுகிற மாலையில் ஒன்று பூவராகனுக்கும் விழுந்தது. அவனுடைய மனைவி குணசுந்தரி இதைக் கேள்விப்பட்டு மூன்று நாள் பேசவில்லை, நாலாம் நாள் கேட்டாள்.

"உசுரோட இருக்கற மனுசன் படத்துக்கு மாலையா? ஒங்க மொதலாளிக்கு வேற வேலவெட்டி இல்லியா?"

"மரியாதடி அது."

"மரியாதன்னா கழுத்துல போடச் சொல்லுங்க. ஆணில மாட்டி வச்சி போட வேணாம்."

ஆனால் சிதம்பரம் என்று ஒரு ஊர் இருந்தது.

ஆனித் திருமஞ்சனத்துக்குக் கூடுகிற கூட்டத்தை நம்பி, அதே வாரத்தில் அங்கே ஒரு கிளப் தில்லைக் கோப்பை நடத்தும். ஞானாம்பாள் மில் ஒவ்வொரு வருஷமும் பாசஞ்சர் ரயிலில் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை எல்லாம் தாண்டிப் போகும். முதல் ஆட்டத்திலேயே தோற்று அடுத்த ரயிலில் திரும்பும். உள்ளூரில் சிங்கமாக இருக்கும் பூவராகன் சிதம்பரத்தில் ஒரு ஆட்டத்தில் ஒன்பது பாயிண்ட் தாண்டியதில்லை. பந்து ரிங்கின் முன் விளிம்பில் முட்டிக்கொண்டு கீழே விழும். எல்லாப் பந்தும் அதே இடத்தில்.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கடலூரில் சாயங்காலம் கடல் காற்று வரும், சிதம்பரத்தில் அது கிடையாது என்றார் மானேஜர். ரயிலில் நின்றுகொண்டு வந்ததால் கால் வீக்கம் என்றார் கணக்கர். இட்லியோடு வைக்கிற கத்தரிக்காய் கொத்சு வயிற்றில் உட்கார்ந்துகொண்டு எழும்ப விடுவதில்லை என்பது டீமின் ஏகோபித்த கருத்து. காலைத் தூக்கின சாமி இருக்கிற ஊரில் கையைத் தூக்கி என்ன பிரயோசனம் என்று ஆன்மிகமாகவும் ஒருவர் விளக்கினார்.

1963 கடைசியில் பூவராகனுக்கு முழங்கால் போயிற்று. குதித்து இறங்கும்போது உள்ளே எதுவோ கிழிந்தது. சபாபதி அவனைக் கைவிடவில்லை. பத்து நாள் பயிற்சி முகாமுக்கு மெட்ராஸ் அனுப்பி, ஒரு விசிலோடு கோச்சாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். கழுத்தில் விசில் தொங்கியதும் 'அவன்' 'அவர்' ஆனார். நாமும் அப்படியே சொல்வோம்.

மாஸ்டர் பூவராகன் செய்த முதல் காரியம், சிதம்பரத்தில் கொத்சு சாப்பிடக் கூடாது என்று தடை போட்டது. இரண்டாவது காரியம், நாள் தவறாமல் திட்டியது. டீமில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் மீசை வைத்த ஆண்கள், இரண்டு பேர் பிள்ளை பெற்றவர்கள். "கையில பலம் இல்ல. சோறு திங்கறீங்களா, கஞ்சி குடிக்கறீங்களா?" 1964இல் தோற்றார்கள். 1965இல் கொத்சு இல்லாமலேயே தோற்றார்கள்.

அந்த வருஷம் திரும்பி வந்த மறுநாள் சபாபதி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பூவராகா, ஒன்ன நான் கோப்பையா கேக்கறேன்? எட்டு வருசம் ஆவுது. ஒரு மேட்சு. அடுத்த ஆனியில ஒரே ஒரு மேட்சு ஜெயிச்சிட்டு வரச் சொல்லு. இல்லன்னா டீமக் கலச்சிடப் போறேன். மார்க்கெட்டுல என்னப் பாத்துச் சிரிக்கறானுங்க."

"பசங்களுக்கு வேலைங்க?"

"டெம்பரவரிதான. பந்து இல்லன்னா அவனுங்க எனக்கு என்னாத்துக்கு? நீ பெர்மனெண்டு. ஒனக்கு பயம் இல்ல."

பயம் இல்லை என்று சொன்ன அந்த வார்த்தைதான் பூவராகனை உறுத்தியது. எட்டுப் பேரும் தெருவில் நிற்க, தான் மட்டும் சாக்குத் தைப்பை மேற்பார்வை பார்த்துக்கொண்டு மாலை போட்ட படமாக இருப்பதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

1966 தை மாதம். ஐப்பசி கார்த்திகை மழையில் கோர்ட் வழக்கம் போல் சேறாகிக் கிடந்தது. வழக்கம் போல் பாய்லர் சாம்பலையும் கரி நொறுங்கலையும் கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். சாம்பல் சுமக்கிற பெண்களுக்குத் தலைவி தைலம்மாள். பூவராகனுக்கு மாமன் மகள், முறைக்காரி. மீன் கூடையை விட்டுவிட்டுச் சாம்பல் கூடைக்கு வந்தவள். மீன் என்றால் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும், சாம்பல் அழுகாது என்பது அவள் சித்தாந்தம். முறைக்காரி என்பதால் கோச்சைக் கேலி செய்கிற உரிமை ஆலையிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதை அவள் வீணாக்கியதில்லை.

"என்னா மாமா, கம்பத்தயே மொறச்சிகினு நிக்கற? கம்பம் என்னா பண்ணுச்சி ஒன்ன?"

"ஒன் வேலயப் பாரு."

அவள் தூக்குவாளியைக் கம்பத்தில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டுச் சிரித்தாள்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல இந்த ஆணில வாளி மாட்டணும்னா குதிகால தூக்கி எட்டணும். இப்பப் பாரு, சும்மா கைய நீட்டுனா மாட்டிக்குது. நான் வளந்துட்டேனா மாமா?"

"ஒனக்கு வாயி ஒண்ணுதான் வளந்திருக்கு."

"அப்ப சாம்பலுதான் வளந்திருக்கு. வருசா வருசம் கொட்டறனே, அது எங்க போவும்? வெள்ளம் வந்த வருசம் ரெண்டு பங்கு கொட்டுனோம். நான் கொட்டுன சாம்பல்ல ஏறி நின்னுகினுதான் நீ பந்து போட்ட, தெரிஞ்சிக்கோ."

சொல்லிவிட்டு அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பூவராகன் போகவில்லை. கம்பத்தில் 'உயரம் 10 அடி' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அது எப்போதிலிருந்து அவர் இடுப்புக்குக் கீழே வந்தது என்று யோசித்தார். பெயிண்டர் எழுதியபோது அது அவர் மார்புக்கு நேராக இருந்த மாதிரி ஒரு நினைவு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆலையில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில், ஸ்டோரிலிருந்து டேப் வாங்கி வந்து ஏணி வைத்து ஏறினார். அளந்தார். இறங்கினார். மறுபடி ஏறி அளந்தார். டேப் வெயிலில் நீண்டிருக்கலாம் என்று நிழலில் வைத்துவிட்டு மூன்றாவது தடவை அளந்தார். அடுத்த பக்கத்துக் கம்பத்துக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார், நொண்டிக் காலோடு.

ஒன்பதடி மூன்றரை அங்குலம். இரண்டு பக்கமும்.

ஏணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷத்துத் தோல்விக்கும் காரணம் காலடியில் கறுப்பாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பையன்களின் கை தாழ்ந்த ரிங்குக்குப் பழகிப்போயிருந்தது. சிதம்பரத்தில் அதே வீச்சை வீசினால் பந்து எட்டரை அங்குலம் கீழே வந்து முன் விளிம்பில் முட்டாமல் என்ன செய்யும். கொத்சு நிரபராதி. சாமி நிரபராதி.

அடுத்த கணக்கை அவர் போட விரும்பவில்லை. அது தானாகப் போட்டுக்கொண்டது. 1961இல் எத்தனை தடவை சாம்பல் கொட்டியிருப்பார்கள்? அதில் வெள்ள வருஷம் ஒன்று. எப்படிப் பார்த்தாலும் நாலு அங்குலம். அந்த நாற்பத்து மூன்று பாயிண்டும் ஒன்பதடி எட்டு அங்குலத்தில் போட்டது.

டேப்பைச் சுருட்டினார். ஏணியை எடுத்த இடத்தில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் பூவராகனை மகாத்மா ஆக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமலே சரி செய்துவிடலாம் என்று பார்த்தார். "இன்னும் மேல தூக்கிப் போடு" என்று கத்தினார். மேலே தூக்கிப் போட்டால் அந்த ரிங்கில் பந்து விழவில்லை. பையன்கள் குழம்பி, பழைய மாதிரியே போட்டார்கள், விழுந்தது. விழுகிற பந்தைத் தப்பு என்று எந்த கோச் சொல்ல முடியும்?

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம் கேப்டன் தாண்டவராயன் பயிற்சி முடிந்தும் போகாமல் நின்றான். திருவதிகைக்காரன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, அதில் மூன்று பங்காளிகள். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மில் வேலையைப் பார்த்துத்தான் பெண் கொடுக்கிறார்கள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் பொண்ணு வூட்டுல சொல்லிடட்டுமா?"

"என்னாத்த?"

"ஆனிக்கு அப்பறம் வேலை இருக்காதுன்னு. பின்னாடி தெரிஞ்சா ஏமாத்திட்டான்னு சொல்வாங்க. அந்தப் பேரு வேணாம்."

"தோப்போம்னு இப்பவே முடிவு பண்ணிட்டியா?"

"நீங்களும் திட்டாத திட்டில்ல, நாங்களும் போடாத போடில்ல. ஒங்களுக்குக் கைராசி இருந்துது. நாப்பத்திமூணு போட்டீங்க. நாங்க அதுக்குப் பொறக்கல. அதுக்கு ஒங்க மேல கோவமும் இல்ல மாஸ்டர்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் பூவராகன் தாங்கியிருப்பார். அவன் நிஜமாகவே நம்பிச் சொன்னான்.

"பொண்ணு வூட்டுல ஒண்ணும் சொல்லாத. ஒரு வாரம் பொறு" என்றார்.

மறுநாள் காலையில் சபாபதியின் அறை. சுவரில் ஞானாம்பாள், பக்கத்தில் வாடின மாலையோடு பூவராகன். கீழே, நாற்காலி கொடுத்தும் உட்காராமல், இன்னொரு பூவராகன்.

விஷயத்தைக் கேட்ட சபாபதி முதலில் சுவரில் மாட்டியிருந்த மெட்ராஸ் அதிகாரியின் காகிதத்தைப் பார்த்தார்.

"பத்தடின்னு கெவருமெண்டு ஆளு கையெழுத்து போட்டிருக்கானே."

"போட்ட அன்னிக்கு பத்தடிதாங்க. ரிங்கு எறங்கல. தரை ஏறிடுச்சி."

"சரி, ஏறிட்டுப் போவுது. இந்த கோர்ட்டுல நாம தோத்ததே இல்ல. அத ஏன் கெடுக்கற?"

"ரிங்க ஏத்துனாத்தான் சிதம்பரத்துல ஒண்ணாவது போட முடியும். நாலு மாசம் இருக்குது. பழகிக்குவானுங்க."

சபாபதி திரும்பிச் சுவரில் இருந்த '43'ஐப் பார்த்தார். வியாபாரி. எந்தச் சரக்கு எந்தச் சரக்கின் விலையை இறக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரிங்கு தாழ்வுன்னு நீயே சொன்னா, ஒன் நாப்பத்திமூணும் போச்சேடா. ஊருல என்னா சொல்வான்? அத வச்சித்தான் ஒன்ன பெர்மனெண்டு பண்ணேன்."

"தெரியுங்க."

"படத்த என்னா பண்ணச் சொல்ற?"

"கழட்டிடுங்க. எங்க வூட்டுல சந்தோசப்படுவா."

சபாபதி படத்தைக் கழற்றவில்லை. வேறொரு சமரசம் கண்டுபிடித்தார். இரண்டு ரிங்கில் ஒன்றை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம், மற்றது அப்படியே இருக்கட்டும் என்றார். வெளியூர்க்காரனோடு ஆடும்போது பாதி ஆட்டமாவது நம் வசதிப்படி இருக்கும் அல்லவா. உலக பாஸ்கெட்பால் சரித்திரத்தில் இப்படி ஒரு கோர்ட் இருந்திருக்காது. பையன்கள் அன்றைக்கே பெயர் வைத்தார்கள்: பாய்லர் பக்கத்து ரிங் கடலூர், கிணற்றுப் பக்கத்து ரிங் சிதம்பரம்.

பலகையை எட்டரை அங்குலம் மேலே ஏற்றிப் புதுத் துளை போட்டு முடுக்கிய சாயங்காலம், பூவராகன் எட்டுப் பேரையும் உட்கார வைத்து டேப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னார். எவனோ சிரிக்க ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். தாண்டவராயன்தான் கேட்டான்.

"அப்ப அந்த நாப்பத்திமூணு?"

"ஒம்பதடி எட்டு அங்குலத்துக்கு நாப்பத்திமூணு. பத்தடிக்கு எம்மாம்னு எனக்கும் தெரியாது. இப்பப் பாத்துடலாம். அம்பது போடறேன், எண்ணிக்கோ."

விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது முழங்காலைத் தேய்த்துவிட்டு, சிதம்பரம் ரிங்குக்கு எதிரே நின்றார். சாம்பல் கூடைப் பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கிணற்றடியில் வந்து நின்றார்கள்.

முதல் பந்து முன் விளிம்பு. இரண்டாவது முன் விளிம்பு. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, ஒரே இடம். ஆறாவது உள்ளே போயிற்று. தாண்டவராயன் "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணினான். பதினைந்து பந்து வரைக்கும் அப்படி எண்ணினான். அதற்கப்புறம் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான். முப்பதாவது பந்துக்கு எழுந்து வந்து பந்தைப் பொறுக்கிக் கையில் கொடுக்கலானான்.

"போதும் மாஸ்டர்."

"அம்பதுன்னு சொன்னேன்."

ஐம்பதும் போட்டார். உள்ளே போனது பதினொன்று. முப்பத்தொன்பது தடவை முட்டிக் கீழே விழுந்த சத்தத்தை அத்தனை பேரும் கேட்டார்கள். கிணற்றடியில் தைலம்மாள் கூடக் கேலி செய்யாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள், அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பந்தைக் கேப்டனிடம் கொடுத்தார்.

"பாத்தியா. கைராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. நானும் இப்பத்தான் கத்துக்கணும். வா, வரிசையில நில்லு."

நாலு மாதம் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக அவரும் வரிசையில் நின்று பந்து போட்டார். திட்டு குறைந்துவிட்டது. தானே தவறவிட்டுக்கொண்டிருப்பவர் எந்த வாயால் திட்டுவது. கையை எங்கே விட வேண்டும், முழங்காலை எவ்வளவு மடக்க வேண்டும் என்று அவரும் அவர்களும் சேர்ந்தே தேடினார்கள். சித்திரையில் ஐந்துக்கு இரண்டு விழுந்தது. வைகாசியில் பாதி விழுந்தது. கடலூர் ரிங்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; அதில் ஈரத் துண்டு காயப்போட்டார்கள்.

ஆனி வந்தது. சிதம்பரத்தில் முதல் ஆட்டம் கும்பகோணத்து டீமோடு. தேர் பார்க்க வந்த கூட்டம், தேர் நிலைக்கு வந்த பிறகு போக்கிடம் இல்லாமல் கோர்ட்டைச் சுற்றி நின்றது. சபாபதியும் காரில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். டீமின் சாவைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று வந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

பாதி ஆட்டத்தில் கும்பகோணம் ஆறு பாயிண்ட் முன்னால். இரண்டாவது பாதியில் மில் பையன்கள் மெல்ல மெல்ல ஏறினார்கள். அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து முன் விளிம்பில் முட்டுவது நின்றிருந்தது. கடைசி நிமிஷத்தில் நாற்பத்து நாலுக்கு நாற்பத்து நாலு. தாண்டவராயன் பந்தை எடுத்துக்கொண்டு போகையில் ஒருவன் அவன் கையைப் பிடித்து இழுத்துவிட, ரெப்ரீ விசில் ஊதி, யாரும் மறிக்காமல் போடுகிற தனி வீச்சு இரண்டு கொடுத்தார்.

பூவராகன் ரிங்கைப் பார்க்கவில்லை. தாண்டவராயனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வீச்சு, முன் விளிம்பு. கூட்டம் ஹோ என்றது. எட்டு வருஷத்துப் பழக்கம் அல்லவா, பயம் வந்தால் கை பழைய வீட்டுக்குத்தான் ஓடும். தாண்டவராயன் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் தன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் காட்டினார், வலித்தது. அவனும் மடக்கினான்.

இரண்டாவது உள்ளே போயிற்று. நாற்பத்தைந்து.

மீதி இருந்த சில விநாடிகளை எட்டுப் பேரும் எப்படிக் கடத்தினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. விசில் ஊதியதும் பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்தார்கள். பூவராகன் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சபாபதி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"ஒரு பாயிண்டுதான?"

"ஒரு மேட்சுன்னுதான நீங்களும் சொன்னீங்க."

மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் இருபத்திரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள். யாருக்கும் வருத்தமில்லை. சபாபதி பேச்சு மாறவில்லை; டீம் கலையவில்லை, எட்டுப் பேரும் பட்டியலில் இருந்தார்கள். ஆவணியில் திருவதிகையில் தாண்டவராயனுக்குக் கல்யாணம் நடந்தது. பாய்லர் பக்கத்து ரிங்கையும் ஏற்றிவிடச் சொல்லி முதலாளியே உத்தரவு போட்டார். அடுத்து வந்த தையிலிருந்து, பழைய சாம்பலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாம்பல் போட வேண்டும் என்று மாஸ்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இதனால் வேலை இரட்டிப்பான தைலம்மாள், இவரைக் கட்டிக்கொள்ளாமல் தப்பித்ததே தான் செய்த புண்ணியம் என்று கோர்ட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டு சுரண்டினாள்.

1967 மாசியில் விழுப்புரத்திலிருந்து ஒரு டீம் வந்தது. இரண்டு பக்கமும் பத்தடி. ஞானாம்பாள் மில், பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சொந்தக் கோர்ட்டில், மூன்று பாயிண்டில் தோற்றது. கடலூர் ஜனத்துக்கு இது பொறுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் பூவராகனின் முகத்துக்கு நேராகவே சொன்னார்:

"நீ ஆடுன காலத்துல இப்பிடி நடந்திருக்குமாப்பா?"

"நடந்திருக்கும்ணே. ரிங்கு சரியா இருந்திருந்தா அப்பவே நடந்திருக்கும்."

பெரியவருக்கு அது தன்னடக்கமாகப் பட்டது. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார். உண்மையைச் சொல்லி மரியாதையைக் குறைத்துக்கொள்வது இந்த ஊரில் அவ்வளவு சுலபமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தாண்டவராயன் தலை குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். புது மாப்பிள்ளை; வீட்டில் மனைவி முழுகாமல் இருக்கிறாள்.

"மொதலாளி என்னா சொல்வாரு மாஸ்டர்? தோத்ததுக்கு மறுபடி வேலை போவுமா?"

"ஜெயிச்சிகினே இருந்தப்பதான்டா போவப் பாத்துது" என்றார் பூவராகன். "காலையில ஆறு மணிக்கு சங்கு ஊதுவான். நேரத்துக்கு வந்து சேரு."

சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே போய்ப் பந்துகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகச் சாக்கில் போட ஆரம்பித்தார்.